முழுசும் கழிவுதான்

இல்லை பெரியப்பா, திருட்டு என்று சொல்ல முடியாது. வரிசையில் நின்றுதான் எடுத்துப்போனார்கள்.

வணக்கம். அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். பெரியம்மாவின் முழங்கால் இப்போது படியேறும் என்று நம்புகிறேன். நான் நலம். திங்கட்கிழமை வரை.

அம்மா உங்களிடம் போனில் சொன்னது பாதி. மீதி இது. எங்கள் அலுவலகத்தின் பின்னறையில் செத்துப்போன கணினிகள், அச்சுப்பொறிகள், என்னவென்றே தெரியாத சில பெட்டிகள். மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு. ஒன்பது வருடமாக. நான் சேர்ந்த அன்றே அந்தப் பட்டியலில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். பேனாகூட அவர்களே கொடுத்தார்கள். திங்களன்று தணிக்கை. ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று காட்டாவிட்டால் என் தகுதிகாண் காலம் முடியாது. வேலைதான் முடியும்.

கொள்முதல் பிரிவில் கேட்டேன், "வாங்குறதுதான்மா எங்க வேலை, வாங்கினது செத்தா நாங்க என்ன பண்ண?" என்றார்கள், மின்வாரியத்தில் கேட்டேன், "பிளக்கைப் பிடுங்கியாச்சா? அப்ப அது எங்களுது இல்ல" என்றார்கள், நகராட்சியில் மட்டும் ஒருவர் மனமிரங்கி, "கதவுல என்ன இருக்குன்னு எழுதி ஒட்டுங்க, வெள்ளிக்குள்ள வண்டி வரும்" என்றார், நானும் பெரிய எழுத்தில் 'மின்னணுக் கழிவு – வெள்ளி வரை மட்டும்' என்று எழுதி, கதவு தெருப் பக்கம் இருப்பதை யோசிக்காமல், ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கடைக்காரர் விலையில் குறைப்பதற்கும் 'கழிவு' என்ற அதே சொல்தான் என்பது, மொழியியல் படித்த எனக்கு, அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சன்னலில் ஒரு அம்மாள். "ஏம்மா, பாதி கழிவா, முழுசுமா?"

நான் போனில் இருந்தேன். "முழுசும் கழிவுதாம்மா. ஒண்ணுகூட மிச்சமில்ல."

அவ்வளவுதான் பெரியப்பா நான் பேசியது. காவலாளி அதைக் கேட்டுவிட்டார். "மேடமே சொல்லிட்டாங்க, முழுக் கழிவாம்! தள்ளாதீங்க, குடும்பத்துக்கு ஒண்ணு!" டோக்கன் கொடுத்திருக்கிறார். நாற்பது நிமிடம். நான் போனை வைத்தபோது அறையில் தூசி மட்டும் சதுரம் சதுரமாக இருந்தது. காவலாளி வேர்த்து நின்றார். "ஒரு சண்டை இல்ல மேடம். எனக்குன்னு ஒண்ணு எடுத்து வைக்கல பாருங்க, அதான் வருத்தம்."

தேடிப் போனேன். தெருத்தெருவாக. முடிதிருத்துபவர் ஒரு திரையைச் சுவரில் மாட்டியிருக்கிறார். "போட்டா படம் வரல. போடாட்டி முகம் நல்லாத் தெரியுது மேடம், கரன்ட் செலவும் இல்ல." தையற்காரர் அச்சுப்பொறியின்மேல் கால் வைத்துத் தைக்கிறார். தரமாட்டாராம். உயரம் சரியாக இருக்கிறதாம். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் மட்டும் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். எனக்கு உயிர் வந்தது. "நல்லவேளை வந்தே. ஸ்கேனர் ஓடல. வேற மாத்திக் குடு."

இதுவரை பதினேழைக் கண்டுபிடித்தேன். ஒன்றும் திரும்பவில்லை. அவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கின்றன, அடுப்படியில் வைக்கிற சாமான் இல்லை என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். "அதான் முழுக் கழிவா?" என்று கேட்டார்கள். விடமாட்டேன் பெரியப்பா. மீதித் தொண்ணூற்றைந்தையும் பார்த்துவிட்டுத்தான் ஓய்வேன். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் அல்லவா?

நாற்பது வருடம் கோப்பு பார்த்தவர் நீங்கள். 'இறுதி இருப்பிடம்' என்ற கட்டத்தில் 'பொதுமக்கள்' என்று எழுதினால் செல்லுமா? மறு தபாலில் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் நிறைய ஆசி அனுப்புங்கள், பதிவுத் தபாலில்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: உறையை ஒட்டும் முன்பே தணிக்கைக் குழு வந்துவிட்டது. காலி அறையைப் பார்த்து, தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எந்த ஆபீஸ்லயும் இப்படி ஒரு அறையை நான் பாத்ததில்லம்மா." எங்கே போயின என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலை நிரந்தரம். சேதி பரவி, அறை சும்மாதானே இருக்கிறது என்று கொள்முதல், மின்வாரியம், நகராட்சி மூன்றும் தங்கள் பழசை எல்லாம் ஒரே லாரியில் அனுப்பிவிட்டன. முந்நூற்று நாற்பது உருப்படி. கையெழுத்துப் போட்டேன். லாரியைத் தெருவிலேயே நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன்.