கவரைப்பேட்டை மேம்பாலத்தில் நான் காலமான விஷயம்

திருப்பாச்சூர்.

மதிப்பிற்குரிய சம்பந்தி அருணாச்சலம் அவர்கள் சமூகத்துக்கு, சுப்பராயன் வணங்கி எழுதுவது. இங்கே நான் உட்பட அனைவரும் சுகம். 'நான் உட்பட' என்பதைத் தயவுசெய்து இன்னொரு தரம் படிக்கவும். தங்கள் மருமகளும் என் மகளுமான பூமிகா, அவள் வயிற்றில் இருப்பது, இருவர் சுகத்தையும் அறிய ஆவல். நீங்கள் போனை எடுக்காததால்தான் கடிதம்.

நடந்தது இவ்வளவுதான். விளம்பரக் கம்பெனியில் இருக்கும் என் மகன் விமல், ஆதாரில் படம் மாற்ற வேண்டும் என்று என்னை நிற்கவைத்து போட்டோ எடுத்தான். பெற்ற அப்பனிடமே கண் இமைக்காமல் பொய் சொல்கிறானே, இதை எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள் என்று இன்றுவரை வியக்கிறேன். அந்தப் படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, "நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார்" என்று ஒரே வரி எழுதி, ஏதோ இன்சூரன்ஸ் விளம்பரத்துக்காகக் கவரைப்பேட்டை மேம்பாலத்தருகே மாடி உயரத்துக்கு வைத்துவிட்டார்கள், கம்பெனி பெயர் மட்டும் எறும்பு அளவில். காதுகுத்துக்கே பேனர் வைக்கிறவர்கள் நாம். தேர்வாய் கண்டிகை பேக்டரியில் ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்த நீங்கள் அதை நிஜம் என்று நம்பியதில் என்ன தப்பு? மாசமாக இருக்கிறவளுக்குத் தெரியக்கூடாதென்று வீட்டிலிருந்து எங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல், சேதி சொல்லவில்லையே என்ற கோபத்தையும் அடக்கிக்கொண்டு, கோடி வேட்டியும் ஆளுயர மாலையுமாக, பின்னால் இரண்டு வேனில் உறவோடு நீங்கள் என் வாசலில் வந்து இறங்கினீர்கள். அப்போது நான் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தது என் தப்புதான்.

அன்றைக்கு வாசலில் நின்ற பெண் இளமதி, விமலுக்கு மேலதிகாரி. பேனரை நம்பி யாராவது வருகிறார்களா என்று பார்க்க வந்தவர். வேன்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே! பேனர் படத்துக்கு முதலில் சாமந்தி மாலை போட்டுப் பார்த்து, ஆயுத பூஜை லாரி மாதிரி இருக்கிறதென்று சந்தன மாலைக்கு மாற்றியது அவர்தானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நீங்க ரொம்ப நல்லா செத்திருக்கீங்க" என்றார். வாழ்நாளெல்லாம் நெல் நட்டவனை ஒருத்தரும் இப்படி மெச்சியதில்லை, சம்பந்தி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் போகும்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள்: "சாவு மாலை வாங்கியாந்த ஊட்டுக்கு மாசமா கீற பொண்ண நான் எப்டி அனுப்பறது?" அன்றிலிருந்து என் வீட்டம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை வளைகாப்பு, வளையல்கூட வாங்கியாயிற்று, பெண்ணை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். விமலைக் கூப்பிட்டுத் திட்டு திட்டென்று திட்டினேன். "பேனர எட்தாச்சு நைனா, இனிமே நம்ம குடும்பத்துல ஒருத்தர் மூஞ்சியும் வராது" என்று சாமி படத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறான்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் பூமிகாவுக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற,
சுப்பராயன்.

பி.கு.: கவரை ஒட்டும்போது விமல் வந்தான். பேனரை எடுத்தது நிஜம்தான். அதே இடத்தில் வைக்கப்போகும் புதுப் படத்தைக் காட்டினான். மாலையும் கையுமாக என் வாசலில் நீங்கள் தேம்பித் தேம்பி அழுகிறீர்கள், இளமதி எடுத்ததாம். கீழே, "அழ ஆள் உண்டு. அரிசிக்கு?" சத்தியம் என்னடா ஆயிற்று என்றால், சம்பந்தி எப்படி நம்ம குடும்பம் ஆவார் என்கிறான். எனக்காக நீங்கள் இப்படி அழுவீர்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது, சம்பந்தி. பார்த்து நானும் அழுதுவிட்டேன். ஊரே பார்க்கட்டும் என்று வைக்கச் சொல்லிவிட்டேன்.