முந்நூறு குதிரை, நான்கு நிபுணர்கள்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று வரலாற்றுக்குத் தெரியாது. அந்தச் சக்கரத்தை ஒரு முறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மோசமில்லை, ஆனால் இடது பக்கம் கொஞ்சம் இழுக்கிறது" என்று முதன்முதலில் கருத்துச் சொன்னவர் யார் என்றும் தெரியாது. கண்டுபிடித்தவர் இல்லாமல் மனிதகுலம் எப்படியாவது சமாளித்திருக்கும். கருத்துச் சொன்னவர் இல்லாமல் போயிருந்தால் என்ன கதி ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது. அந்த மாமனிதரின் நேர் வாரிசு நான்.

பதினொரு ஆண்டுகளாக ஒரு வாகன மாத இதழில் 'ஓட்டிப் பார்த்தேன்' என்ற பகுதியை எழுதி வருகிறேன். இதுவரை நூற்று முப்பத்திரண்டு வண்டிகள். என் பேச்சைக் கேட்டுக் கார் வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கேட்காமல் வாங்கியவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவர்கள் பாடு. இத்தனை பெரிய சேவைக்கு நடுவே ஒரு சின்ன விவரம் விட்டுப் போய்விட்டது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இதைக் குறை என்று நினைப்பவர்கள் விமர்சனக் கலையின் அரிச்சுவடி தெரியாதவர்கள். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும், கண்ணாடியைப் பார்க்க வேண்டும், குறுக்கே வருகிறவனைத் திட்டவும் வேண்டும். அவனுக்குக் கருத்து தோன்ற நேரம் ஏது? பக்கத்து இருக்கையில் மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் நடுநிலை வாய்க்கும். ஓட்டுவது போன்ற சில்லறை வேலைகளை என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. ஊரில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று அடையாளம் காட்டியவள். மீதிப் பாதியில் நான் இருக்கிறேன். என்னை ஐந்து முறை லைசென்ஸ் தேர்வுக்கு அனுப்பினாள். ஐந்தாம் முறை, தேர்வு நடத்த வந்த அதிகாரி பாதி வழியில் இறங்கி நடந்தே ஆபீஸ் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் தொழிலில் எல்லாம் ஒரு முறைப்படி நடக்கும். முதலில் நிறுவனம் காரைப் பற்றிய வழவழப்பான விவரப் புத்தகத்தை அனுப்பும். அதைப் படித்து நான் கட்டுரையை எழுதி முடிப்பேன். அதற்குப் பிறகுதான் கார் வரும். மனைவி ஓட்டுவாள். நான் எழுதியபடி அந்தக் கார் நடந்துகொள்கிறதா என்று பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்ப்பேன். பெரும்பாலான கார்கள் ஒழுங்காகவே நடந்துகொள்ளும்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவர் எங்கள் இதழின் புது ஆசிரியர். இளம்பெண். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"சார், இப்பல்லாம் யாரும் படிக்கிறதில்ல, பாக்கத்தான் செய்றாங்க. அடுத்த மாசம் அந்தப் புது ஹாட்ச்பேக் கார் வருது. நீங்க ஓட்டுற வீடியோ வேணும்."

"ஓட்டுற மாதிரி வீடியோவா?"

"ஓட்டுற வீடியோ சார்."

"என் எழுத்தே ஓட்டம்தானேம்மா."

"அது எனக்குத் தெரியும் சார். வீடியோ இல்லன்னா அந்தப் பகுதியை வேற யாருக்காவது குடுக்க வேண்டியிருக்கும். ரொம்ப வருத்தமா இருக்கு சார்." அவர் முகத்தில் வருத்தம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளியே பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற சாதுவான சின்னக் கார். உள்ளே முந்நூறு குதிரைச் சக்தி. சாதாரணக் கார்களில் இரண்டு சக்கரம் உழைக்கும், இரண்டு சக்கரம் கூடவே உருண்டு வந்து நல்ல பெயர் வாங்கும். எங்கள் ஆபீஸ் மாதிரி. இதிலோ நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் வேலை கொடுக்கிறது. எடையைக் குறைப்பதற்காகப் பின்பக்கக் கேமராவைக் கழற்றிவிட்டார்கள். குறைத்த எடையை வீணாக்காமல், கூரையின் பின்முனையில் அகலமான ஒரு பலகையாக மாட்டிவிட்டார்கள். பொறியியலின் சிகரம் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்னங்க, ஹெல்மெட் உண்டா?"

"உண்டு. கறுப்புக் கண்ணாடி வச்சது. எல்லாருக்கும் ஒரே மாதிரி சிவப்பு உடுப்பு. வெளியில இருந்துதான் வீடியோ எடுப்பாங்க."

"அப்ப நான்தான் நீங்க. ஆனா ஒண்ணு. நான் சொல்ற ஒரே ஒரு வரி அப்படியே அச்சுல வரணும்."

"என்ன வரி?"

"அது ஓட்டிப் பாத்தப்புறம்தானே தெரியும்! நான் என்ன உங்களை மாதிரியா?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எங்கிட்ட கத்துக்கிற பல் டாக்டர் அம்மா இந்தக் காருக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க. வீட்டுல மூணு வயசுக் குழந்தை. அந்தப் பலகையைப் படத்துல பாத்ததுல இருந்து எனக்கு மனசு சரியில்ல. பின்னாடி தெரியுமான்னு பாக்கணும்."

"அதை நீயே அவங்ககிட்ட சொல்லிடலாமே?"

"சொன்னேன். 'நீங்க டிரைவிங் டீச்சர்தானே, உங்க வீட்டுக்காரர் நிபுணராச்சே, அவர் எழுதட்டும், பாக்கலாம்'ன்னுட்டாங்க."

பல் டாக்டர் எவ்வளவு படித்தவர் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவள் வரி அச்சில் வரும் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

குறிப்பிட்ட நாளில் நிறுவனத்தின் சோதனை ஓடுபாதைக்குப் போனோம். என்னைத் தவிர இன்னும் மூன்று இதழ்களின் நிபுணர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் எங்கள் துறையின் பிதாமகர். 'பெரியவர்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இன்னொருவர் சைக்கிளைப் பற்றி எழுதினாலும் டர்போ என்ற சொல்லை நுழைத்துவிடுவார். ஆகவே அவர் பெயர் 'டர்போ'. மூன்றாமவர் எப்போதோ ஒரு கார் கண்காட்சிக்காக வெளிநாடு போய் வந்தவர். அன்றிலிருந்து எந்த வாக்கியத்தையும் "அங்கெல்லாம்" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் 'அங்கெல்லாம்'.

ஆளுக்கு மூன்று சுற்று என்று நிறுவனத்தின் விளம்பர மேலாளர் அறிவித்தார். முதல் ஆள் நான். உடை மாற்றும் அறைக்குள் நான் போனேன். சிவப்பு உடுப்பும் ஹெல்மெட்டுமாக என் மனைவி வெளியே போனாள். நான் பெஞ்சின்மேல் ஏறி, காற்றுக்காக வைத்திருந்த ஜன்னல் வழியாக என் திறமையைப் பார்த்தேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை, பிரமாதமாக ஓட்டினேன். புறப்பட்ட வேகத்தில் பின்னால் தூசி எழும்பியது. வளைவில் கார் வெளியே போகப் பார்த்தது. பின்சக்கரங்கள் தள்ள, முன்சக்கரங்கள் இழுக்க, கோடு போட்ட மாதிரி திரும்பி நேராயிற்று. ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் புகைக்குழாய் படபடவென்று வெடித்தது. நான் இவ்வளவு நன்றாக ஓட்டுவேன் என்று எனக்கே அதுவரை தெரியாது.

மனைவி உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவள் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"அய்யோ, என்ன வண்டிங்க இது! கிளட்ச் கொஞ்சம் கனம், சீட் கட்டாந்தரை மாதிரி, இருந்தாலும் இறங்கவே மனசு வரல. நாலு சக்கரமும் பேசி வச்சுக்கிட்டு ஓடுது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா பின்னாடி ஒண்ணுமே தெரியல. பலகை பாதிப் பின்கண்ணாடியை மறைக்குது, ஓரத்துத் தூண் மீதியை மறைக்குது. இடுப்பு உயரத்துக்குக் கீழ யார் நின்னாலும் தெரியாது. இதை எழுதுங்க."

அப்போது கதவு திறந்தது. பெரியவர். என்னையும், சிவப்பு உடுப்பில் இருந்த அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பூமி பிளக்காதா என்று காத்திருந்தேன். பெரியவர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"அம்மா, எனக்கும் மூணு சுத்து ஓட்டிக் குடுத்துடும்மா. முட்டி வலி."

"எவ்வளவு நாளா ஐயா?"

"ஓட்டக் கத்துக்கலாம்னு நெனைச்ச நாள்ல இருந்து."

அவருடைய மூன்று சுற்றும் முடிந்து அவர் வெளியே போன பத்து நிமிடத்தில் டர்போ வந்தார். "அண்ணி, நான் எழுதுற வேகத்துக்கு எந்த வண்டியும் ஈடு குடுக்காது, அதனால நான் ஓட்டுறதில்ல" என்று கௌரவமாகச் சொன்னார். கடைசியாக அங்கெல்லாம் வந்தார்.

"அங்கெல்லாம் ஸ்டியரிங் அந்தப் பக்கம். எனக்கு இந்தப் பக்கம் பழக்கமில்ல."

"அப்ப அந்தப் பக்கம் ஓட்டுவீங்களா?"

"அந்தப் பக்கமும் பழக்கமில்லம்மா."

அவள் சலிக்கவில்லை, அந்தக் காரை இன்னும் ஒன்பது சுற்று ஓட்டக் கசக்குமா? ஒவ்வொருவரிடமும் அதே ஒரு வரியை எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டாள். மூவரும் சத்தியம் செய்தார்கள். பெரியவர் தன் தலையில் கைவைத்தே செய்தார்.

எல்லாம் முடிந்ததும் மேலாளர் எங்களை நிற்க வைத்துப் பாராட்டினார்.

"நாலு பேரும் நாலு விதம் சார்! பெரியவர் ஓட்டினதுல அனுபவம் தெரிஞ்சுது. டர்போ சார் ஓட்டினதுல இளமை. அங்கெல்லாம் சார் ஓட்டினதுல சர்வதேசத் தரம்."

"என்னுதுல?"

"உங்களுதுல ஒரு நளினம் சார்."

"நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?" என்று ஓரமாக நின்ற என் மனைவி கேட்டாள்.

"நான் விக்கிறவன் மேடம்" என்றார் அவர், கொஞ்சம் புண்பட்டவராக.

நான் சத்தியம் தவறாதவன். 'பின்னால் எதுவும் தெரியவில்லை. குழந்தைகள் உள்ள வீடுகள் கவனிக்க' என்று கட்டுரையின் கடைசியில் எழுதித்தான் ஆசிரியரிடம் கொடுத்தேன். வீடியோவைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்த அவர், அந்த வரியில் பேனாவை வைத்தார்.

"சார், இதுக்கு எதிர்ப்பக்கத்துல அவங்க முழுப்பக்க விளம்பரம் வருது."

"ஆனா உண்மைம்மா அது."

"உண்மையை எடுக்கச் சொல்லல சார், கொஞ்சம் சீவிக்கலாம்னுதான். 'பின்னால் பார்ப்பது சற்றே சவால்'னு போடலாமா?"

"போடலாம்."

"சவால்னா பயந்துடுவாங்க. 'பின்னால் பார்க்கும் அனுபவம் தனித்துவமானது.' எப்படி?"

"அதுலயும் 'பின்னால்'ங்கிறது உறுத்துதும்மா" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். அடுத்த மாதத்துப் பகுதியும் எனக்குத்தான் என்று அவர் அப்போதுதான் சொல்லியிருந்தார்.

இருவரும் சேர்ந்து உழைத்தோம். மதியத்துக்குள் அந்த வரி முழு வடிவம் பெற்றது: 'முன்னோக்கிய பார்வை கொண்ட கார். குடும்பங்கள் கவனிக்க.'

மற்ற மூன்று இதழ்களும் அதே வாரம் வந்தன. பெரியவர் 'திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத பயணம்' என்று எழுதியிருந்தார். டர்போவுக்கும் அங்கெல்லாமுக்கும் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வரவில்லை. நான்கு சுயேச்சையான நிபுணர்களின் ஒருமித்த தீர்ப்பு என்று நிறுவனம் விளம்பரமே கொடுத்தது.

மனைவி நான்கு இதழ்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி விரலை வைத்துப் படித்தாள்.

"என் வரி எங்க?"

"இதோ இருக்கு பாரேன். கொஞ்சம் இலக்கிய நயத்தோட வந்திருக்கு."

அவள் என்னைத் திட்டவில்லை. நேராகப் போனை எடுத்துப் பல் டாக்டரைக் கூப்பிட்டாள். காலையிலேயே பதிவு செய்துவிட்டாராம். "குடும்பங்கள் கவனிக்கன்னு சாரே எழுதியிருக்காரே, அப்புறம் எதுக்கு யோசனை?" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. கேட்டிருந்தால் நீங்களும் உள்ளூரக் குளிர்ந்துதான் போயிருப்பீர்கள்.

டாக்டர் வீட்டுக்குக் கார் வந்து நான்கு நாளாயிற்று. சாயங்காலம் நான் அடுத்த இதழுக்கான கட்டுரையின் நடுவே இருந்தேன்; அதில் வருகிற கார் இன்னும் தயாரிக்கப்படவே இல்லை. மனைவி பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் ஒரு சின்ன மூன்று சக்கர சைக்கிள். பின்சக்கரங்கள் இரண்டும் நசுங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

"டாக்டரம்மா வீட்டு வாசல்ல ரிவர்ஸ் எடுத்தாங்க. சத்தம் கேட்டுத்தான் நிறுத்தியிருக்காங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "குழந்தை...?"

"தண்ணி குடிக்க உள்ள போயிருந்துது. அதனாலதான் நான் இன்னும் உங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேன்."

அவள் என் கட்டுரைத் தாள்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, அந்தச் சைக்கிளை மேசையின் நடுவில் வைத்தாள்.

"இதையும் ஓட்டிப் பாத்து எழுதுங்க," என்றாள். "இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."