குட்டி லாரிக்குக் கம்பெனி டயரே போதும் என்று நான் சொன்னது

ஒரு வீட்டில் ஒருவனுக்கு மட்டும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தால், மற்றவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. தக்கலையில் எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். இன்டர்மீடியட் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன் (இரண்டாவது தடவை, முதல் தடவையைவிடக் குறைந்த மார்க்கில்). ஆனாலும் தந்தி வந்தால் வாசிக்கவும், மருந்துக் குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவும் தெருவே என்னைத்தான் தேடி வரும். இருபத்திரண்டு வயதில் ஒருவன் கெட்டுப்போக இது தாராளமாகப் போதும்.

தக்கலை தமிழ்நாட்டோடு சேருமுன், நாங்கள் திருவனந்தபுரத்துக்கு வரி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் மலையிலிருந்து வாழைக்குலை, நல்லமிளகு, மரச்சீனிக் கிழங்கு எல்லாம் வாங்கி வந்து தக்கலையில் விற்றுக்கொண்டிருந்தான். வாடகைக் காளைவண்டிகளோடு பத்து வருஷம் மல்லுக்கட்டிய பிறகு ஒரு புது மோட்டார் வண்டி வாங்கினான். முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் திறந்த பெட்டி. விற்றவர்கள் பிக்கப் என்றார்கள். எங்கள் தெரு குட்டி லாரி என்றது. போதகர் வந்து ஜெபம் பண்ணினார். அண்ணன் மனைவி, அதாவது என் மைனி, புதுத் துணி தேடப் பொறுமையில்லாமல் முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்தாள்.

டிரைவராக வந்தவர் மீரான். யுத்த காலத்தில் பர்மா எல்லையில் பட்டாள லாரி ஓட்டியவர். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து, டயரின் வெட்டுக்குள் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.

"வண்டி நல்ல வண்டி. டயரை மட்டும் மாத்தணும்."

"புது டயருல்லா?" என்றான் அண்ணன்.

"புதுசுதான். நாகர்கோவில் ரோட்டுக்குப் பாகமா இருக்கும். மலைக்கு ஆகாது. மழையில செம்மண்ணு இந்த வெட்டுக்குள்ள அப்பிக்கிடும். பொறவு சக்கரம் நின்ன எடத்துல சும்மா கறங்கும்."

ஆழமான வெட்டு உள்ள டயர் நாகர்கோவிலில் ஒரு கடையில் இருப்பதாகவும், இந்தப் புது டயர்களை அவர்கள் மாற்றாக எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வண்டியோடு ஒரு புத்தகமும் வந்திருந்தது. இங்கிலீஷ் புத்தகம்.

அன்று முதல் எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு இன்னொரு வேதபாடமும் நடந்தது. நான் புத்தகத்தை வாசித்து விளக்கம் சொல்வேன். என் மொழிபெயர்ப்பில், கம்பெனி எஞ்சினியர்கள் மோசேயைப்போல மலையிலிருந்து டயரோடு இறங்கி வந்தார்கள். அந்த வண்டிக்கு அந்த டயர் என்று கணக்குப் போட்டு மாட்டியிருக்கிறார்கள், தேயும்வரை தொடக் கூடாது என்று அடித்துச் சொன்னேன். (புத்தகத்தில் அது ஒரே ஒரு வரி. நான் அதை மூன்று நாள் பிரசங்கமாக்கினேன்.) அண்ணன் சாயங்காலம் என் பக்கம் இருப்பான். காலையில் மீரானைப் பார்த்ததும் அவர் பக்கம் போய்விடுவான்.

மைனி இதில் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். அவளுடைய அப்பா பேச்சிப்பாறை அணைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் மேஸ்திரி. அம்மா இல்லாத ஒரே மகள் இவள். அணை வரைக்கும் பஸ் போகும். அதற்குமேல் நாலு மைல் செம்மண் ஏற்றம்.

"தம்பி, இடவப்பாதி மழை வருமுன்ன மாத்திருவோமே. அப்பாவுக்குச் சொகமில்ல. எப்பம் ஆளு வரும்னு தெரியாது."

"மைனி, கம்பெனிக்காரன் இதெல்லாம் யோசிக்காமலா இருப்பான்?"

"அவன் பேச்சிப்பாறைக்கு வந்திருக்கானா?"

நான் சிரித்தேன். (சிரிக்கவில்லை என்று எழுதலாம். அதைப் பார்த்தவர்களில் இப்போது நான் மட்டும்தான் மிச்சம். ஆனால் சிரித்தேன்.)

அவளுக்காக அண்ணன் ஒருநாள் துணிந்து வண்டியை நாகர்கோவிலுக்கு விட்டான். நானும் புத்தகத்தோடு ஏறிக்கொண்டேன். கடையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, முன்சக்கரம் ஒன்றைக் கழற்றியும் ஆயிற்று. அப்போதுதான் நான் கடைவாசலில் நின்று அந்தப் பக்கத்தை உரக்க வாசித்தேன். நல்ல கூட்டம் கூடிவிட்டது. புது டயரைக் கொடுத்துவிட்டு வேறு டயர் வாங்குகிறவனைக் கண்டு கம்பெனிக்காரன் சிரிப்பான் என்று முடித்தேன். கூட்டத்தில் யாரோ, "படிச்ச பயல் சொல்லுகானில்லா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அண்ணனின் மனது இந்தப் பக்கம் சாய்ந்தது. கழற்றிய சக்கரத்தைத் திரும்ப மாட்டச் சொன்னான். மீரான் தானே குனிந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். வீடு வரும்வரை நான் ஜெயித்த வக்கீலைப்போல வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வைகாசிப் பாதியில் அந்த மழை பிடித்துப் பத்தாவது நாளோ என்னவோ, காலையில் முதல் பஸ்ஸில் தோட்டத்திலிருந்து ஆள் வந்தான்.

"மேஸ்திரிக்கு ரொம்ப மோசம். மகளைப் பாக்கணும்னு சொல்லுகாரு. அவ கையால கொஞ்சம் மொளகு ரசம் வச்சுக் கொண்டுவரச் சொன்னாரு."

மைனி அழவில்லை. அடுப்பு மூட்டி ரசம் வைத்து, ஒரு குப்பியில் ஊற்றித் துண்டால் சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினாள். முன்னால் மீரான், மைனி, அண்ணன். பின்பெட்டியில் தார்ப்பாயின் கீழ் நான். சட்டைக்குள் புத்தகம்.

அணை வரைக்கும் வண்டி பறந்தது. நான் மனசுக்குள் கம்பெனிக்காரனைப் பாராட்டிக்கொண்டேன். ஏற்றத்தில் ஒரு மைல் போயிருப்போம். முதலில் பின்பக்கம் லேசாக ஒதுங்கியது. பிறகு எஞ்சின் கத்திற்று, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் டயரில் வெட்டு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. செம்மண் அப்பி, எண்ணெய் தேய்த்த மொட்டைத் தலைபோல மினுங்கியது. சக்கரம் கறங்கிக்கொண்டிருந்தது.

மீரான் எஞ்சினை நிறுத்தி, மைனி பக்கம் கை காட்டினார். "புள்ள இப்பமே நடக்கட்டும். வண்டிய நான் பாத்துக்கிடுதேன்."

"நில்லுங்க" என்றேன் நான். "இதுக்குப் புத்தகத்துல வழி போட்டிருக்கான்."

அண்ணன் குடை பிடித்தான். நான் பக்கம் புரட்டினேன். ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டன, ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மைனி வண்டிக்குள் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். கடைசியில் அந்தப் பக்கம் கிடைத்தது. சக்கரம் பிடிமானமின்றிச் சுற்றினால் என்ன செய்வது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. டயரைச் சுற்றிப் பனிச் சங்கிலி கட்ட வேண்டும்.

"என்ன போட்டிருக்கான்?" என்றான் அண்ணன்.

"பனியில... வண்டி பனியில மாட்டினா, சங்கிலி கட்டணுமாம்."

யாரும் சிரிக்கவில்லை. மீரான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மைனி கதவைத் திறந்து இறங்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குப்பியை நெஞ்சோடு அணைத்து, ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தாள். "லே, அவகூடப் போ" என்று அண்ணன் என்னைத் தள்ளிவிட்டான்; வண்டியைத் தள்ள ஆள் வேண்டும், அதற்கு நான் லாயக்கில்லை.

மூன்று மைல். குடையைக் காற்று மடக்கிவிட்டது. கணுக்காலெல்லாம் அட்டை. இரண்டு இடத்தில் மைனி வழுக்கி விழுந்தாள். இரண்டு தடவையும் குப்பியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தாள். நான் கை கொடுக்கப் போவதற்குள் எழுந்து நடந்துவிட்டாள். தோட்டத்து லயத்து வீடுகள் கண்ணில் படும் முன்பே பெண்களின் அழுகை கேட்டது. மைனி ஓடவில்லை. நடையைக் குறைத்தாள்.

"எப்பம்?" என்று வாசலில் நின்ற ஒரு கிழவரிடம் கேட்டாள்.

"இப்பம்தான் மக்ளே. ஒரு கால் மணிக்கூர் இருக்கும். வாசலையே பாத்துட்டுக் கெடந்தாரு."

உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துவிட்டாள், நெற்றியில் முத்தமிட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் குப்பி இன்னும் கையில் இருப்பதைக் கவனித்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். நான் கதவோரம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து என்னிடம் வந்தாள்.

"தம்பி, வெறைக்கியே. இந்தா, குடி."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த மனுஷனும் சொல்லியிருப்பான். குடித்தேன். அவள் அணைத்துக் கொண்டுவந்ததாலோ என்னவோ, இளஞ்சூடு இன்னும் மிச்சம் இருந்தது. நன்றாகவும் இருந்தது. (அதுதான் தாங்க முடியவில்லை.)

அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏன் பிந்தியது என்று கேட்டபோது, மீரான் எனக்கு முந்திக்கொண்டு, "அந்த ஏத்தத்துல ஆனைக்கே காலு நிக்காது. டயரு என்ன செய்யும்?" என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த வாரம் அண்ணன் யாரிடமும் கேட்காமல் நாகர்கோவில் போய் டயரை மாற்றிக்கொண்டு வந்தான். மழை இன்னும் விடவில்லை. ஆனாலும் அதே ஏற்றத்தில், துக்க வீட்டு ஜெபத்துக்கென்று இரவல் வாங்கிய பெஞ்சுகளையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு, வண்டி ஒரு தடவைகூட நிற்காமல் ஏறியது. நான் பின்பெட்டியில் இருந்தேன். வண்டி எங்கேயாவது மாட்டிக்கொள்ளாதா என்று ஜெபம் பண்ணியவன், அந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு மாசம் பொறுத்து, மைனி மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மைனி, அன்னைக்கு... எல்லாம் என்னாலதான்."

"தெரியும்" என்றாள். கத்தி நிற்கவில்லை. இரண்டு மீன் முடிந்த பிறகு, "சும்மாதான இருக்க. அந்தத் தேங்காயத் துருவு" என்றாள்.

துருவினேன். அன்று துருவியது போக, பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் தேங்காய் துருவியவன் நான்தான். அந்த நாளைப் பற்றி அவள் பேசவில்லை. எனக்கும் தைரியம் வரவில்லை.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் மாமா என்னைக் காட்டி, "பையனுக்கு என்னவெல்லாம் தெரியும்?" என்றார். அண்ணன் விழித்தான். மைனி காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இங்கிலீஷ் நல்லா வாசிப்பான். பனியில வண்டி மாட்டினா என்ன செய்யணும்னு கேளுங்க, சொல்லுவான்."

சபை புரியாமல் விழித்தது. அவளே கதையைச் சொன்னாள்: கொட்டும் மழை, சகதி, குடைக்குள் புத்தகம், சங்கிலி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சிரிப்பு வந்தது. (அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன்.) மைனியும் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். நான் மட்டும் வாயிலிருந்த முறுக்கை மென்றுகொண்டே இருந்தேன்.

அதன்பின் சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கதையை அவள்தான் சொன்னாள். என் பிள்ளைகளும் அண்ணனின் பேரன்மாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். வீட்டில் மிக்சி வாங்கினாலும் மோட்டார் வாங்கினாலும் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிற வழக்கமே கிடையாது. வாங்கி முடித்துத்தான் காட்டுவார்கள். புத்தகத்தை மட்டும் முதலிலேயே ஒளித்துவிடுவார்கள்.

கதை கேட்கும்போது சின்னது ஏதாவது ஒன்று எப்போதும் இடையில் புகுந்து, "அவ்வளவு மழையில எங்க போனீங்க?" என்று கேட்கும்.

"வாழைக்குலை ஏத்தப் போனோம்" என்பாள் மைனி.

பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லியா தம்பி?" என்பாள்.

"ஆமா, வாழைக்குலைதான்" என்பேன் நான்.