கொக்கு மடிந்த கணம் குறித்து அத்தானுக்கு

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதுவது. நீங்கள் நலமாக இருப்பது என் ஜன்னல் வழியே தெரிகிறது. கீழே வாகன நிறுத்தத்தில் காருக்குள் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருக்கிறீர்கள். என் நலத்தைப் பொறுத்தவரை, நாளைக் காலை என் இடது சிறுநீரகத்தை எடுத்து அக்காவுக்கு வைக்கும் அளவுக்கு நான் நலம் என்று மருத்துவர்கள் எழுத்துமூலம் சான்றளித்துள்ளனர். கைபேசியை நீங்கள் எடுக்காததால், இக்கடிதத்தை வார்டு ஆயாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பொருள்: நேற்று மாலை பாதியில் நின்ற ஆட்டமும், நீங்கள் சட்டைப் பையில் எடுத்துச் சென்ற என் பனிப்புலி அட்டையும்.

நடந்ததை வரிசைப்படுத்துவது நல்லது. டயாலிசிஸின்போது அக்காவுக்குப் பொழுது போகவேண்டும் என்று கீழ்க்கடையில் சீட்டுக்கட்டு கேட்டவர் நீங்கள். கடைக்காரர் கொடுத்ததில் ராஜாவும் ராணியும் இல்லை, புலியும் கொக்கும் நாயும்தான் இருந்தன என்பதை மேலே வந்து பிரித்த பிறகே கண்டவரும் நீங்கள். கட்டோடு வந்த விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நான் ஒருவன்தான். எடையளவு ஆய்வாளனாக இருக்கும் எனக்கு, ஒரு பொருளை எப்போது தராசில் வைப்பது, எப்போது முள்ளைப் பார்ப்பது என்பதில் ஒழுங்கு வேண்டும். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டிய உங்களுக்கோ, மஞ்சள் விளக்கில் போகலாமா கூடாதா என்பதே ஓட்டுகிறவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்த விஷயம். நமக்குள் தகராறு வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நேற்று அறுவை மருத்துவர் வந்தபோது நான் கேட்ட கேள்வியையும் நீங்கள் குற்றமாகச் சொன்னீர்கள். முதலில் என்னைத் திறப்போம், பிறகு அக்காவைத் திறப்போம் என்றார் அவர். சரி, என்னைவிட்டு நீங்கி அக்காவிடம் இன்னும் சேராத அந்த இடைநேரத்தில் சிறுநீரகம், ஆட்டக் கணக்கில், யாருடைய களத்தில் இருப்பதாகக் கொள்வது என்று கேட்டேன். இது நியாயமான கேள்வி. "ஐஸ் பெட்டியில இருக்கும் சார்" என்றார் அவர். அக்கா சிரித்த சிரிப்பில் விரலில் மாட்டியிருந்த கிளிப் கழன்று, இயந்திரம் அலறி, செவிலியர் ஓடிவந்து, மருத்துவரையும் சேர்த்து எல்லாரையும் வெளியே துரத்தினார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். அக்காவின் வெள்ளைக் கொக்கும் உங்கள் காவல் நாயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. என் பனிப்புலி பாய்ந்தது. அது பாய்ந்தால் எதிரில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டும் ஒரே கணத்தில் மடியும். நாயின் அட்டையில் "இது மடியும்போது, அருகில் உள்ள ஓர் உயிரியைக் காக்கும்" என்று அச்சிட்டிருப்பது உண்மை. ஆனால் விதி தெளிவு: மடிந்த பிறகே அத்திறன் தொடங்கும், தொடங்கும்போது காக்கப்பட வேண்டியது களத்தில் இருக்க வேண்டும். கொக்கு இல்லை. ஆகவே காப்பதற்கு ஒன்றுமில்லை. இதைத்தான் நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன்.

"அப்புறம் நாய் எதுக்குடா பக்கத்துல படுத்திருக்கு? அது செத்துத் தொலையட்டும். கொக்கு பொழைக்கணும், அவ்வளவுதான்" என்றீர்கள்.

"ரெண்டும் ஒரே நேரத்துல போயிடுது அத்தான். இதுல யார் யாரைக் காப்பாத்த முடியும்?" என்றேன்.

"ஆபரேஷனை வச்சுக்கிட்டு இதைச் சொல்ற வாய் என்ன வாய்டா?"

"செத்தது என் கொக்கு. நானே சும்மாத்தான் இருக்கேன், உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்று அக்கா படுத்தபடியே கேட்டாள். நீங்கள் என் புலியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். புலியே இல்லாவிட்டால் பாய்ச்சலும் இல்லை என்பது உங்கள் கணக்கு போலும். விதிப் புத்தகத்தில் இதற்கு இடமே இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரத்தம் அக்காவுக்குப் பொருந்தாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அந்த நாய் அட்டையை நீங்கள் வேறு யாரையும் தொடவிட்டதில்லை. நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தும் விதியைச் சொன்னேன், ஏன்னா விதி ஆளைப் பார்த்து மாறாது. மாறினா அது விதியே இல்லை. நீங்க பாட்டுக்குக் கோவிச்சுக்கிட்டு வண்டியில போய்ப் படுத்தா, சாப்பிட்டாரா சாப்பிட்டாரான்னு என் உயிரை எடுக்கிறது அக்காதான். ஆயா உங்களுக்குன்னு கொண்டுவந்த டீயை நானே ரெண்டு தரம் குடிச்சேன். ராத்திரிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கூடாதாம் எனக்கு.

ஆகவே முடிவாகத் தெரிவித்துக்கொள்வது: கொக்கு மடிந்ததை நீங்கள் ஒப்புக்கொண்டு பனிப்புலியைத் திருப்பித் தரும்வரை, நாளைக் காலை அறுவை அறை வாசலில் நீங்கள் நிற்க வேண்டிய அவசியமில்லை. கையெழுத்துகள் அனைத்தும் ஆகிவிட்டன. உங்கள் முதுகுவலிக்கும், கார் இருக்கைக்கும் என் அனுதாபங்கள். பெரியவராகிய உங்கள் ஆசியை, இருக்கும் இடத்திலிருந்தே வழங்கினால் போதும்.

இப்படிக்கு,
விதிப்படி நடக்கும்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இப்பத்தான் வந்துட்டுப் போனார். எல்லாம் நல்லபடியா முடியும்னார். எத்தனை பேருக்கு முடியலன்னு கேட்டேன். அவர் சொன்னதை அக்காகிட்ட சொல்லல. அதுக்கப்புறம் விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் சரி, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா கடைசிப் பக்கத்துல, ஆடுறவங்க எல்லாரும் ஒத்துக்கிட்டா எந்த விதியையும் தள்ளிவைக்கலாம்னு ஒரு வரி இருக்கு. அப்படி ஒரு வரியை என் வேலையில நான் ஒருநாளும் ஏத்துக்கிட்டதில்லை. இன்னைக்கு ஏத்துக்கிட்டேன். அக்காவும் சரின்னுட்டா. மூணாவது ஆள் கார்ல படுத்திருக்கார். மேல வாங்க அத்தான். புலி உங்க பையிலயே இருக்கட்டும். நாய் செத்தாலும் கொக்கு பிழைக்கும்னே வச்சுக்குவோம். நாயும் சாகக் கூடாதுங்கிறா அக்கா; அதுக்கு எந்தப் பக்கத்துலயும் விதி இல்லை. நீங்க வந்து வாயால சொல்லுங்க, நான் பேனாவால எழுதிச் சேர்த்துடறேன்.