பெராக்சைடும் என் பேண்ட்டும்

ஒரே நாளில் என் தோலையும் வேலையையும் காப்பாற்றிக்கொடுத்தவர் சிக்கந்தர் ராவுத்தர். மானத்தையும் காப்பாற்றத்தான் பார்த்தார், அதற்குள் நேரமாகிவிட்டது.

தேனிக்குப் பக்கத்தில் நூலை வெளுத்துச் சாயம் போடும் ஆலை அவருடையது. கம்பத்துக்காரர். நான் ஆண்டிபட்டியிலிருந்து பஸ்ஸில் போய்வந்த புது கெமிஸ்ட். (எம்.எஸ்ஸி. முடித்த சூடு ஆறவில்லை.) வெளிநாட்டுக்குத் துண்டு அனுப்பும் கரூர் கம்பெனி ஒன்று எங்களிடம் நூல் வாங்குவதாக இருந்தது. ஒரே நிபந்தனை: குடோனில் இருக்கும் ஒவ்வொரு கெமிக்கலும் உடம்பை என்ன செய்யும், தீப்பிடிக்குமா, வெடிக்குமா என்று வகை பிரித்து, படம் போட்ட லேபிள் ஒட்ட வேண்டும். ஆர்டர் வராவிட்டால் ஒரு ஷிஃப்டையே நிறுத்த வேண்டியிருக்கும் என்று முதலாளி கவலையில் இருந்தார்.

நான் கவலையே இல்லாமல் ஒட்டினேன். காஸ்டிக் சோடாவுக்குக் கையை அரிக்கும் படம். அசிட்டிக் ஆசிட்டுக்கு அதோடு தீச்சுடரும். நூலை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு தானாக எரியாது. ஆகவே அதற்கு அரிக்கும் படம் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். தான் எரியாமல் பக்கத்தில் இருப்பதை எரியவைக்கும் குணம் என்று தனியாக ஒன்று உண்டு, அதற்குத் தனிப் படமும் உண்டு. (பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.)

கரூர் கம்பெனியிலிருந்து சோதனைக்கு வசந்தா மேடம் வந்தார். அவர் வருகிற நேரம் பார்த்து பெராக்சைடு டிரம்மின் குழாய் சொட்டியது. கையுறையோடு, பம்ப் பக்கத்தில் கிடந்த எண்ணெய்ப் பஞ்சை எடுத்து அவசரமாகத் துடைத்தேன். குப்பைத்தொட்டி தூரத்தில் இருந்தது. பஞ்சைப் பின் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு புன்னகைத்தேன்.

"இதுக்கு ஏன் தீ சம்பந்தமா எந்தப் படமும் இல்ல?" என்றார் மேடம்.

"இது எரியவே எரியாது மேடம். பயமே வேண்டாம்."

சொல்லும்போதே பின்பக்கம் இதமாகச் சுட்டது. நன்றாகப் பேசிவிட்ட பெருமை என்று நினைத்தேன்.

பின்னால் வந்துகொண்டிருந்த முதலாளி, "தம்பி, பொகையுது" என்றார்.

"பாய்லரா இருக்கும், முதலாளி."

"பாய்லர் இல்ல. நீங்கதான்."

அடுத்த நொடி ஒரு வாளித் தண்ணீர் என் மேல் விழுந்தது. வெள்ளை வேட்டி நனைய அவரே ஊற்றினார். இன்னொரு வாளி. "கழட்டுங்க தம்பி, வெக்கப்படுற நேரமா இது?" மேடம் மரியாதையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குழாயடியில் உட்கார்ந்தேன். பட்ட இடத்தில் தோல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கடுகடுத்தது. (நூலை வெளுப்பதில் அதற்கு இருக்கும் திறமையை அன்று நேரடியாக உணர்ந்தேன்.) முதலாளி தன் காரில் வைத்திருந்த கைலியைக் கொடுத்தார்.

கைலியோடு நான் திரும்பி வந்ததும் மேடம், "வழக்கமா இந்தப் பஞ்சை எங்க போடுவீங்க?" என்று கேட்டார்.

தொட்டியைக் காட்டினேன். அது நூல் மூட்டைகளை ஒட்டி இருந்தது.

"அங்கன போட்டிருந்தா மில்லே போயிருக்கும்" என்றார் முதலாளி மெல்ல. பிறகு மேடத்திடம், "இனி ஒளிக்க ஒண்ணுமில்லம்மா, எல்லாத்தையும் பாத்துட்டீக. ஒரு வாரம் குடுங்க. இந்தத் தம்பியே மாத்தி ஒட்டுவாரு. இவரு இனிமே மறக்க மாட்டாரு" என்றார்.

வேலை போய்விட்டது என்று நின்றவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அவரேதான் கூட்டிப்போனார். உட்கார முடியாமல் குப்புறப் படுத்தபடி போனேன். மறுவாரம் மேடம் வந்தார்; ஆர்டரும் வந்தது. அந்த ஆலையில் பல வருஷம் கௌரவமாக வேலை பார்த்தேன்.

வீட்டில்தான் கௌரவம் திரும்பவில்லை. நான் எதையாவது அடித்துச் சொன்னால் என் மகள் எழுந்து, சத்தமில்லாமல் எனக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறாள். பிறகு அடுப்படியைப் பார்த்துச் சொல்கிறாள்: "பொகை இல்லம்மா. நம்பலாம்."