தளபதிக்குக் கிடைத்த தாத்தா

பழைய எகிப்தில் ஆமுன் கடவுளின் படகு புறப்பட்டால் அன்று ஊரில் அடுப்பு எரியாது. பொன் தகடு போர்த்திய மரப் படகு. நடுவில் திரை போட்ட சிறு மாடம். மாடத்துக்குள் கடவுள். எட்டு மொட்டைத்தலைப் பூசாரிகள் தோளில் சுமந்து வருவார்கள். கேட்ட கேள்விக்குப் படகு முன்னால் சாய்ந்தால் 'ஆம்', பின்வாங்கினால் 'இல்லை'. வாத்தைத் திருடியது யார், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா, எதற்கும் பதில் இருந்தது. ரொட்டி கொண்டுவந்தவனுக்குக் கடவுள் லேசாகச் சாய்ந்தார். கொழுத்த ஆடு கொண்டுவந்தவனுக்கு நன்றாகவே சாய்ந்தார்.

அந்த ஆண்டு அவருக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. வடக்கே ஓர் அரசன், தெற்கே ஓர் அரசன், நடுவில் யாரும் இல்லை. அந்த நடுவில்தான் ஊர் இருந்தது. கால்வாய்க் காவல் தளபதி ஜெதோருக்கு ஆசை வந்துவிட்டது. ஆள் இருந்தது, ஈட்டி இருந்தது, வடக்குக்கும் தெற்குக்கும் சேர்த்து அணியும் இரட்டை மகுடம்கூடத் தோல்காரனிடம் சொல்லித் தைத்தாகிவிட்டது. இல்லாதது வம்சம் ஒன்றுதான். அவனுடைய தாத்தா வாத்து விற்றவர். அது ஊருக்கே தெரியும். பாதிப் பேர் அவரிடம் வாத்து வாங்கியவர்கள்.

"கவலைப்படாதீங்க தலைவரே, தாத்தாவைக் கடவுளே தேடிக் குடுப்பாரு" என்றார் தலைமைப் பூசாரி நெசுமின்.

கடவுள் தேடினார். மேற்கு மேட்டுக் கல்லறைகளுக்கு நடுவே ஊர்ந்துபோன படகு, ஒரு செங்கல் கல்லறையின் முன்னால் நின்று, மூக்கு தரையில் படும்படி வணங்கியது.

"இதோ! மறைஞ்சு கிடந்த மன்னர்! தலைவரோட தாத்தா!" என்று கூவினார் நெசுமின்.

கூட்டம் பொத்தென்று மண்ணில் விழுந்தது.

தாமித் மட்டும் விழவில்லை. உள்ளே கிடந்தது அவள் கணவன் ஹூயி. செங்கல் அறுப்பவன், போன அறுவடையின்போது காய்ச்சலில் போனவன். தான் அறுத்த கல்லாலேயே தன் கல்லறையை வளைத்துக் கட்டிக்கொண்டவன். அந்த மேட்டிலேயே விரிசல் விடாதது அது ஒன்றுதான். அரச குடும்பத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று கடவுளுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

மறுநாள் முடிசூட்டு. அது முடிந்ததும் கல்தச்சன் வந்து வாசல் கல்லில் இருக்கும் ஹூயியின் பெயரைக் கொத்தி எடுத்துவிட்டு, 'மன்னர்' என்று வெட்டிவிடுவான். கல்லறை வாசலில் அவள் வைக்கும் ரொட்டியைக் குருவிகள்தான் தின்கின்றன என்பது தாமித்துக்குத் தெரியும். அதில் அவள் தன்னை ஏமாற்றிக்கொண்டதில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போதுதான் அவனுடைய மண் படிந்த கையும், வாய் பிளந்து விடும் குறட்டையும் அவளிடம் திரும்பி வரும். அதையும் எவனுக்கோ தாத்தாவாகத் தூக்கிக் கொடுப்பதா?

பக்கத்து வீட்டு பக்கெத் ஓடி வந்தாள். "அடி அதிர்ஷ்டக்காரி! இப்ப நீ ராஜாவுக்கே பாட்டி!"

"என் புருசனைவிடத் தளபதிக்கு வயசு அதிகம்டி. பேரன் தாத்தாவுக்கு மூத்தவனா இருக்கானே, உனக்கு உறுத்தலையா?"

"கடவுள் காரியத்துல வயசெல்லாம் பாப்பாங்களா?"

மறுநாள் கோயில் முற்றத்தில் எள் போட்டால் விழாது. படகு வந்து ஜெதோரை வணங்க வேண்டும்; வணங்கினால் அவன்தான் அரசன். தாமித் முன்னால் வந்தாள். கையில் துணிச் சுருள். ஹூயியின் உடலைச் சுற்றியதில் மிஞ்சியது.

"சாமி, ஒரு சந்தேகம். படகை நடத்துறது கடவுளா, தூக்குற ஆளுங்களா?" என்று நெசுமினைக் கேட்டாள்.

"கடவுள்தான்மா! இவங்க வெறும் தோளு."

"தோளுக்குக் கண்ணு எதுக்கு? கட்டிடலாமே?"

நெசுமினின் மொட்டையில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. "கடவுளைச் சோதிக்கக் கூடாது!"

"அவரை எங்க சோதிச்சேன்? அவருக்குத்தான் திரைக்குள்ள இருந்தே எல்லாம் தெரியுதே. தோளைத்தானே கட்டச் சொல்றேன்?"

அவளுக்குத் துணை வந்தவர்கள் யார் தெரியுமா? பக்தர்கள்தான். "கட்டட்டும்! அற்புதம் இன்னும் பெரிசாத் தெரியும்!" என்று கத்தினார்கள். அவர்களைவிட உரக்கக் கத்தியவன் ஜெதோர். விலைக்கு வாங்கிய தாத்தாவை அவன் அதற்குள் நம்பவே தொடங்கியிருந்தான்.

எட்டுப் பேரின் கண்களையும் தாமித்தே கட்டினாள். "தலைவரே, இப்ப ஓசைப்படாம எங்க வேணா போய் நில்லுங்க. பேரனைக் கடவுளுக்கு அடையாளம் தெரியாதா?" என்றாள் தாமித். ஜெதோர் மகுடத்தைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, தூண் நிழலில் போய் நின்றான்.

படகு கிளம்பியது. முன்பாதி இடப்பக்கம் போனது, பின்பாதி வலப்பக்கம் போனது.

"இந்தப் பக்கம்டா!"

"எந்தப் பக்கம்? கையைக் காட்டாம எந்தப் பக்கம்னா?"

"காட்டினா மட்டும் தெரியுமா, மடையா!"

கடவுள் தமக்குள்ளேயே சண்டை போட்டபடி முற்றத்தைச் சுற்றினார். காணிக்கையாக வந்த வெங்காயக் குவியலில் ஏறினார். முன்னால் போனவனுக்குக் கால் வழுக்கியது. படகு சரிந்து, மூக்கு தரையில் பட, பயபக்தியோடு வணங்கியது, ஒரு குயவனின் கழுதையை. கழுதை கொஞ்சம் யோசித்துவிட்டு, படகில் தொங்கிய தாமரை மாலையைத் தின்னத் தொடங்கியது.

கூட்டத்தில் யாரோ ஒருவன் கத்தினான்: "மன்னர் வாழ்க!"

அவ்வளவுதான். சிரிப்பில் முற்றமே அதிர்ந்தது. ஜெதோரின் ஈட்டிக்காரர்கள் ஈட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள்.

"கடவுள் இன்னிக்கு விளையாடுறாரு…" என்று இழுத்தார் நெசுமின்.

வெங்காயத்தில் வழுக்கி விழுந்தவன் கண்கட்டை அவிழ்த்து எறிந்தான். "நல்லா இருக்கே சாமி! தளபதி நிக்கிற பக்கம் போங்கடான்னு சொன்னது நீங்க. கண்ணைக் கட்டிட்டா நான் எங்கன்னு போவேன்?"

முழங்கால் சிராய்ப்பில் பிறந்த உண்மை. ஜெதோர் மகுடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனான். கூலி கொடுக்க அரசன் யாரும் இல்லாததால் கல்தச்சனும் உளியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஹூயியின் பெயர் கல்லிலேயே நின்றது.

மறுநாள் காலை, தாமித் ரொட்டியோடு மேட்டுக்குக் கிளம்பினாள். எதிரே பக்கெத், கை நிறையப் பச்சைப் புல்லோடு வந்தாள்.

"எங்கடி போறே?"

"குயவன் வீட்டுக்கு. கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி கழுதையைக் கும்பிட்டுட்டு வந்துடுறேன்."

"நேத்து நீயும்தானே பாத்தே?"

"பாத்தேனே! எட்டுப் பேரு கண்ணைக் கட்டியும் படகு நேரா அதுகிட்டயே போச்சே. சும்மாவா போகும்?"

தாமித் ரொட்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"அவங்க கண்ணை நான் கட்டினேன், பக்கெத். அவங்களே அவுத்துக்கிட்டாங்க. உன் கண்ணைக் கட்டினது யாருடி?"