மண்டபத்தை விட்டுப் போகாத முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ஜெயித்துக்கொண்டே இருந்தது. பிறக்கும்போதே ராஜாவாகப் பிறந்த சிங்கங்களின் காலம் மலையேறிவிட்டது. இந்தச் சிங்கம் முறைப்படி தேர்தலில் நின்றது. வீடு வீடாகப் போய்க் கும்பிட்டது. மான்குட்டியைத் தூக்கிக் கொஞ்சியது. தாய்மான் அங்கேயே மயங்கி விழுந்தது. ஓட்டு வாங்கி ஜெயித்த சிங்கம் என்பதால் அதைத் திட்ட நினைத்தவர்கள் முதலில் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சிங்கத்துக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது.

காட்டுக்கு நடுவே ஓர் ஓடை. இந்தக் கரையில் செங்கமலம் என்கிற முள்ளம்பன்றி தன் மகன் பொன்னரசுவோடு குடியிருந்தாள். பள்ளிக்கூடம், கிழங்கு மேடு, கரடி டாக்டரின் ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் கரையில். நடுவில் இருந்த மரப்பாலத்தைப் போன மழையில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அப்போது அதன் மேல் நடந்துகொண்டிருந்த செங்கமலத்தின் சின்ன மகளும் அதோடு போனாள். அன்று சாயங்காலமே அரசாங்கத்தின் ஆழ்ந்த இரங்கல் வந்து சேர்ந்தது. அச்சடித்துத் தயாராக வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. பாலம் மட்டும் வரவில்லை.

இப்போது அடுத்த மழை வரப்போகிறது. மேற்கே கருக்கும்போதெல்லாம் செங்கமலம் பொன்னரசுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மிச்சமிருப்பது ஒரு பிள்ளை. அவனும் ஓடைத் தண்ணீரில் இறங்கித்தான் பள்ளிக்கூடம் போய்வருகிறான். அவனையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு உயிரோடு இருக்க அவளால் முடியாது.

குறை தீர்க்கும் நாள் வரும்போதெல்லாம் போய் மனு கொடுத்தாள். மனு வாங்கும் அதிகாரி ஓர் உடும்பு. ஒரு மனுவைப் பிடித்தால் பிடித்ததுதான். மேலேயும் அனுப்பாது, திருப்பியும் தராது.

“பாலம் பரிசீலனையில இருக்கும்மா,” என்றது உடும்பு.

“ஐயா, எம்புள்ள அந்தப் பரிசீலனை மேல நடந்து பள்ளிக்கூடம் போக முடியுங்களா?”

“இப்படி எடக்கா பேசினா எப்படிம்மா? நாங்களும் மனுசங்கதானே,” என்றது உடும்பு. பதவியில் உட்கார்ந்தால் அப்படியெல்லாம் தோன்றும்.

செங்கமலம் கரையில் இருந்தவர்களைக் கூட்டினாள். தலைமை தாங்கக் காட்டுப்பன்றி காத்தமுத்து வந்தார். அவர் பார்க்காத போராட்டம் கிடையாது. ‘வாழ்க’வையும் ‘ஒழிக’வையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய தொண்டை அவருக்கு.

“மறியல் பண்ணிருவோம் தங்கச்சி,” என்றார். “காலையில ரோட்டுல உக்காருவோம். கொஞ்ச நேரத்துல வந்து கைது பண்ணுவாங்க.”

“கைதா? அப்புறம்ண்ணே?”

“அப்புறம் என்ன, கல்யாண மண்டபந்தான். மத்தியானம் சாப்பாடு போடுவாங்க. சாயங்காலம் விட்ருவாங்க.”

“பாலம்?”

காத்தமுத்து கொஞ்சம் யோசித்தார். “அதையும் கேப்போம்,” என்றார்.

இது அந்தக் காட்டின் வழக்கம். அத்தனை பேரையும் அடைக்கச் சிறையில் இடம் கிடையாது. அதனால் போராடுகிறவர்களை முகூர்த்தம் இல்லாத நாளில் கல்யாண மண்டபத்தில் வைத்து, பந்தி போட்டு, பொழுது சாய விட்டுவிடுவார்கள். எதிர்ப்பைத் தெரிவித்த திருப்தி இவர்களுக்கு, நடவடிக்கை எடுத்த திருப்தி அவர்களுக்கு.

மறியல் நடந்தது. “வேண்டும் வேண்டும், பாலம் வேண்டும்” என்று கத்தும்போது செங்கமலத்துக்கு மகள் ஞாபகம் வந்து குரல் உடைந்தது. மற்றவர்கள் சூரியன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். செந்நாய் இன்ஸ்பெக்டர் வந்து காத்தமுத்துவின் காதருகே குனிந்தது.

“அண்ணே, மொத்தம் எத்தனை பேரு? சமையலுக்குச் சொல்லணும்.”

வேன் வந்து நின்றதும் ஜன்னல் சீட்டுக்கு அடிதடி. முயல் ஒன்று தனக்கும் தன் மச்சானுக்கும் துண்டு போட்டு இடம் பிடித்தது. மண்டபத்தில் சாம்பார், உருளைக்கிழங்குக் கறி, அப்பளம். சாயங்காலம் விடுதலை. பாலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்கானது. பாலமே தேவையில்லாத அந்தக் கரைக்காரர்கள்கூட ஓடையை நீந்திக் கடந்து போராட வந்தார்கள். அதற்கடுத்த வாரம் பந்தியில் அப்பளம் நமுத்துப்போயிருந்தது. அவ்வளவுதான், காடே கொதித்தெழுந்தது. “நமுத்த அப்பளம் போட்டு நாட்டு மக்களை ஏமாற்றாதே” என்று காத்தமுத்து எடுத்துக்கொடுக்க, மண்டபம் அதிர்ந்தது.

அந்தக் கோரிக்கை எந்த உடும்பிடமும் மாட்டவில்லை. அடுத்த மறியலுக்குள் மொறுமொறுவென்று அப்பளம் வந்தது. கூடவே சேமியா பாயசமும் வந்தது. போராட்டம் வென்றது என்று காத்தமுத்துவைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினார்கள்.

செங்கமலம் இலைமுன் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. தன் மகளுடைய கருமாதிச் சாப்பாட்டை வாராவாரம் ஊரே உட்கார்ந்து ருசி பார்ப்பதாகத் தோன்றியது. சிங்கத்தின்மேல் வந்த கோபத்தைவிட இவர்கள்மேல் அவளுக்கு அதிகக் கோபம் வந்தது.

அன்று செந்நாய் இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்தியது. “சீக்கிரம் கையைக் கழுவிட்டுக் கெளம்புங்க. இன்னிக்கி நம்ம சிங்கம் ஐயாவோட பொண்ணுக்கு இங்கதான் ரிசப்ஷன். எல்லாரும் விடுதலை.”

எல்லாரும் ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்தார்கள். செங்கமலமும் எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை. நேராக மேடையேறி, மணமக்களுக்காகப் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இந்தாம்மா, உனக்கும் விடுதலைதான்,” என்றது இன்ஸ்பெக்டர்.

“எனக்கு வேணாங்க.”

“விடுதலை வேணாம்னு யாராவது சொல்லுவாங்களா?”

“கைது பண்ணப்ப என்னைக் கேட்டா பண்ணீங்க? இப்ப நீங்க நெனச்ச நேரத்துக்கு நான் எந்திரிக்கணுமா? பாலம் வந்தப்புறம் எந்திரிக்கிறேன்.” சொல்லிவிட்டு முதுகைச் சிலிர்த்தாள். முட்கள் அத்தனையும் விறைத்து நின்றன.

இன்ஸ்பெக்டர் தூக்கப் பார்த்து மூக்கில் வாங்கிக்கொண்டது. வாசலில் மாலையோடு நின்றிருந்த யானையைக் கூப்பிட்டார்கள். யானை தன் தும்பிக்கையைப் பார்த்தது, முட்களைப் பார்த்தது, தனக்குக் காலையிலிருந்தே காய்ச்சல் என்று சொல்லிவிட்டது. உடும்பு ஓடிவந்து, பாலம் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போடலாம், அதில் செங்கமலத்தையே உறுப்பினராகப் போடலாம் என்றது. அவள் நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் காத்தமுத்துவை அனுப்பினார்கள்.

“எறங்கு தங்கச்சி. நல்ல காரியம் நடக்கிற எடம். பொண்ணு வீட்டுச் சாபம் நமக்கு எதுக்கு?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நம்ம ஆளுங்களுக்கும் ரிசப்ஷன்ல பந்தி உண்டாம். ஐஸ்கிரீம்கூட இருக்காம்.”

“அண்ணே, உங்க பேத்தியும் அந்தக் கரையிலதான படிக்குது?”

“படிக்கட்டும், யாரு வேணாம்னா,” என்று முனகிக்கொண்டே காத்தமுத்து பந்திப் பக்கம் போனார்.

அதற்குள் சிங்கமே வந்துவிட்டது. மேடைமுன் நின்று, தேர்தல் முடிந்ததிலிருந்து சேர்த்துவைத்திருந்த கர்ஜனையை எல்லாம் ஒன்றாகக் கர்ஜித்தது. செங்கமலத்துக்கு உடம்பு நடுங்கத்தான் செய்தது. நடுங்கியதில் முட்கள் இன்னும் பயங்கரமாகச் சலசலத்தன.

“சத்தம் போடாதீங்க ஐயா,” என்றாள். “சம்பந்தி வீட்டுக்காரங்க வாசல்ல வந்து எறங்கிட்டாங்க. கேட்டா என்ன நெனப்பாங்க?”

வாசலில் புலிக் குடும்பம் பட்டுச் சால்வையோடு நின்றுகொண்டிருந்தது. சிங்கம் டக்கென்று குரலை இறக்கியது. ஓட்டுக் கேட்காத நாளில் அது ஒரு குடிமகளிடம் மெதுவாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“உனக்கு என்னம்மா வேணும்?”

“பாலம்.”

“எந்தப் பாலம்?”

நிஜமாகவே அதற்குத் தெரியவில்லை. இத்தனை மறியல், இத்தனை கோஷம், இத்தனை இரங்கல். எல்லாம் பாயசத்தோடு முடிந்துபோயிருந்தன. செங்கமலத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நடந்ததைச் சொன்னாள்.

சிங்கம் உடும்பைப் பார்த்தது. “எவ்வளவு நாளாகும்?”

“மண் பரிசோதனை, மதிப்பீடு, டெண்டர் எல்லாம் முடிய எப்படியும் ரெண்டு வருஷங்கய்யா.”

“ரெண்டு மரம் இருந்தா அரை மணி நேரம்,” என்றது வாசலில் நின்ற யானை. காய்ச்சல் விட்டிருந்தது போலும்.

உள்ளறையில் கல்யாணப் பெண் அழுகிற சத்தம் கேட்டது. சிங்கம் தலையை ஆட்டியது. யானை தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு போய், வன அலுவலக வாசலில் வருஷக்கணக்காகக் கிடந்த தேக்கு மரங்களை உருட்டி ஓடைக்குக் குறுக்கே போட்டது.

“போட்டாச்சு, எறங்கு,” என்றது சிங்கம்.

“எம்புள்ள கொரலு அந்தக் கரையிலேர்ந்து கேக்கணும்.”

மண்டபத்துக்குப் பின்பக்கம்தான் ஓடை. பொன்னரசுவைப் பாலத்தில் ஏற்றிவிட இன்ஸ்பெக்டர் ஓடியது. புலிக் குடும்பம் வாசலில், சிங்கம் மேடைமுன், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முள்ளம்பன்றிப் பையனின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாக, “அம்மா, வந்துட்டேன்,” என்று கேட்டது. செங்கமலம் முட்களை மடக்கிக்கொண்டு இறங்கினாள். வெல்வெட் நாற்காலியில் சில ஓட்டைகள் விழுந்திருந்தன.

ரிசப்ஷன் அமோகமாக நடந்தது. மகள் திருமணத்தை முன்னிட்டு மக்களுக்குப் பாலம் பரிசளித்த தாயுள்ளத்தைப் பாராட்டி உடும்பு பேசியது. மறுநாள் பாலத்தின் தலைமாட்டில் சிங்கத்தின் படம் போட்ட வளைவு வைத்தார்கள். அதற்கு அடுத்த நாள் புதிய உத்தரவு வந்தது. இனிமேல் போராடிக் கைதாகிறவர்கள் கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட மாட்டார்கள். முள்வேலி போட்ட பொட்டலில் வைக்கப்படுவார்கள். சாப்பாடு கிடையாது.

பாலம் போனபோது வராத கோபம் காட்டுக்கு இப்போது வந்தது. எல்லாம் செங்கமலத்தின்மேல். நன்றாகப் போய்க்கொண்டிருந்த போராட்டத்தைக் கெடுத்தவள் என்று பேசிக்கொண்டார்கள். முயலின் மச்சான் அவள் வீட்டுப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டான்.

தேர்தலும் மழையும் சேர்ந்தே வந்தன. மண்டபச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று சிங்கம் வாக்குக் கொடுத்தது. முன்பைவிட அதிக ஓட்டில் ஜெயித்தது.

அன்று ஓடையில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. செங்கமலம் பொன்னரசுவைக் கையில் பிடித்துக்கொண்டு மரங்களின்மேல் நடந்தாள். கீழே தண்ணீர் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு போனது. அவள் கீழே பார்க்கவில்லை. எதிரே காத்தமுத்து தன் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். நடுப்பாலத்தில் இருவரும் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். பேத்தியின் காலில் ஒரு சொட்டு ஓடைத் தண்ணீர்கூடப் படவில்லை.

காத்தமுத்து செங்கமலத்தின் முகத்தைப் பார்க்காமல், மனம் தாங்காமல் சொன்னார்:

“பாயசம் வரைக்கும் வந்திருந்துச்சே தங்கச்சி. அவசரப்பட்டுட்டியே.”

நீதி: போராடக் கிளம்புகிறவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவும்.